கிட்டங்கிக்கும் பாணமைக்கும் ஒரே வண்டி

சென்ற மாதம் தம்பிலுவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் சாறன்களை விரித்துக் காட்டிக் கொண்டிருந்தேன். அந்த வீட்டுத் தங்கச்சி, கணவர் காணாமற் போன பின் ஒரு தையல் மெசினை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். அவர் சாறனைப் பார்க்கவில்லை. முற்றத்தில் நின்ற என் மோட்டார் சைக்கிளையே பார்த்துக் கொண்டிருந்தார். “அக்கா, நானும் ஒண்டு வாங்குவம் எண்டு இருக்கன். எந்த வண்டி நல்லம்?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைப் பல ஊர்களில் பல சகோதரிகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லி விட்டு வந்து விடலாம். ஆனால் எனக்குப் பொருந்திய வண்டி உங்களுக்கும் பொருந்தும் என்று எப்படிச் சொல்வது? ஆகவே நான் என் வண்டியைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்கிறேன். உங்கள் வண்டி எது என்பதை அதிலிருந்து நீங்களே கண்டு கொள்ளலாம்.

எனக்கு இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று தெற்கே போகும் நீளமான பாதை. மருதமுனையில் நெசவாளர்களிடம் கைத்தறிச் சாறன்களும் சேலைகளும் எடுத்து, கரையோரமாகப் பாணமை வரை கொண்டு போய் விற்பது என் தொழில். போகும் தூரம் மட்டும் ஏறத்தாழ 85 கிலோமீற்றர். மற்றையது மேற்கே போகும் பாதை. கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு தாண்டி, கிட்டங்கி தாம்போதியைக் கடந்து, நாவிதன்வெளிப் பக்கமாக எங்கள் இரண்டு ஏக்கர் வயலுக்குப் போவது. தூரம் அதிகமில்லை. ஆனால் கிரவல் வீதி, வாய்க்கால் கட்டு, மாரியில் சேறு, தாம்போதிக்கு மேலால் தண்ணீர் என்று எல்லாம் அதில் உண்டு.

அந்த வயலுக்குப் போன என் கணவர் 2006இல் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் அவருடைய சைக்கிள் மட்டும் கிடைத்தது. யார், ஏன் என்ற கேள்விக்கு இன்று வரை பதிலில்லை. அதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்னர், 2004 டிசம்பர் 26 அன்று, கடல் எங்கள் வீட்டைக் கொண்டு போயிருந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பலி கொண்ட நாள் அது. வீடு போன போது அவர் இருந்தார். அவர் போன போது எனக்கு ஐந்து வயதில் ஒரு மகளும், உம்மாவும் மட்டுமே இருந்தார்கள்.

வயலைக் குத்தகைக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு போகத்திலும் “வெள்ளம்”, “பூச்சி”, “விளைச்சல் இல்ல” என்று சொல்லிக் குத்தகை நெல் குறைந்து கொண்டே வந்தது. போய்ப் பார்த்தால்தானே உண்மை தெரியும்? எனக்கோ கிட்டங்கிப் பக்கம் திரும்பவும் மனம் வரவில்லை. துணி வியாபாரத்துக்கு பஸ்ஸில்தான் போய் வந்தேன். பொட்டலத்தை ஏற்றுவதற்கு கண்டக்டரிடம் கெஞ்ச வேண்டும். இறங்கிய பின் உள் வீதிகளில் தலையில் சுமந்து நடக்க வேண்டும். கடைசி பஸ்ஸைத் தவற விட்டால் அன்றைய உழைப்பு முச்சக்கர வண்டிக் கூலிக்கே சரி. ஒரு நாளைக்கு மூன்று ஊருக்கு மேல் போக முடிந்ததில்லை.

2011 ஜனவரியில் பெரு வெள்ளம் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் போகத்தில் குத்தகையாகக் கிடைத்தது ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்து வயல்காரர் ஒருவர் “உங்கட துண்டு மேட்டுத் துண்டு, அரைவாசி தப்பிட்டு” என்று சொன்ன போதுதான் எனக்குச் சுட்டது. அந்த வருடம் சீட்டு எடுத்தேன். வீடு பூசுவதற்கென்று வைத்திருந்த பணம். அதில் ஒரு வண்டி வாங்குவது என்று முடிவு செய்தேன்.

உம்மா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, “ஊர்ச்சனம் என்ன கதைக்கும் மகள்?” என்றார். “கதைக்கிற சனம் அரிசி தருமா உம்மா?” என்று கேட்டேன். அதற்குப் பின் அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை. நான் ஓட்டிப் பழகிய நாட்களில் வாசலில் தஸ்பீஹுடன் உட்கார்ந்து நான் வரும் வரை காத்திருந்தார்.

முதலில் காக்கா ஒரு ட்ரெயில் வண்டியைக் கொண்டு வந்தார். யமஹா டீ.ரீ. 125 போன்ற உயரமான வண்டிகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். முன் சில்லு 21 அங்குலம். கல், குழி, சேறு எதையும் பெரிய சில்லு உருண்டு கடந்து விடும். ஷொக் அப்சோபரும் நீளம். பாதைக்கு அதை விடப் பொருத்தமான வண்டி இல்லை. ஆனால் இருக்கை நிலத்திலிருந்து ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி உயரம். என் கால் விரல் நுனி மட்டும்தான் நிலத்தில் பட்டது. அபாயாவோடு காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது எப்படி? பள்ளிவாசல் மைதானத்தில் நின்ற இடத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன். வண்டியைத் தூக்க முடியவில்லை. காக்கா வந்து தூக்கினார். கோமாரிக் காட்டு ஓரத்தில் விழுந்தால் எந்தக் காக்கா வருவார்? அதை அன்றே திருப்பி அனுப்பினேன்.

இரண்டாவது ஸ்கூட்டர். ஏறி இறங்க இலகு, கியர் இல்லை, இரண்டு காலும் நிலத்தில் நன்றாகப் பதியும். நகருக்குள் கடைக்கும் பாடசாலைக்கும் போகிற சகோதரிக்கு இதை விட நல்லது கிடையாது. ஆனால் அன்று நான் பார்த்ததில் சில்லு பத்து அங்குலம். சின்னச் சில்லு மணலில் உருளாமல் புதையும், குழியில் இறங்கினால் ஏற மறுக்கும். வாய்க்கால் கட்டில் ஓடிப் பார்த்த போது ஹேன்டில் கையை விட்டுப் பறந்து விடும் போல ஆடியது.

மூன்றாவது, எல்லோரும் ஓடுகிற இந்திய 100 சிசி வண்டி. பஜாஜ் சீ.ரீ. 100 போன்றவை. 17 அங்குலச் சில்லு, பெற்றோல் குறைவு, எந்த ஊர் கராஜிலும் உதிரிப்பாகம். இதையே வாங்கியிருப்பேன். என்னைத் தடுத்தவை இரண்டு: நடுவில் தாங்கி இருப்பதால் காலைத் தூக்கிப் போட்டே ஏற வேண்டும், செயினின் கீழ்ப் பக்கம் திறந்திருந்தது. சேலை, அபாயா, சோல் எதுவானாலும் செயினிலோ சில்லுக் கம்பியிலோ சிக்கினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சல்வாரோ காற்சட்டையோ அணிந்து ஓடுகிறவர்களுக்கு இந்த வகை மிகவும் நல்லது.

கடைசியில் சாய்ந்தமருதில் கராஜ் வைத்திருந்த ஒரு மாமா, மூலையில் சாக்கு மூடிக் கிடந்த பழைய ஜப்பான் வண்டி ஒன்றைக் காட்டினார். ஹொண்டா சூப்பர் கப் வகையில் 90 சிசி. “இது மூத்தாப்பாமார் காலத்து வண்டி மகள், ஆனா ஒங்கட வேலைக்கு இதான் சரி” என்றார்.

இந்த வண்டி 1958இல் ஜப்பானில் பிறந்தது. 2017 ஆகும் போது பத்துக் கோடி வண்டிகள் உற்பத்தியாகி விட்டன. அந்த எண்ணிக்கையை எட்டிய மோட்டார் வண்டி உலகில் வேறில்லை. ஜப்பானியத் தபால்காரர்களுக்கென்று இதே குடும்பத்தில் செய்யப்பட்டதுதான் எங்கள் வீதிகளிலும் ஓடிய எம்.டி. 90. இருக்கைக்கு முன்னால் தாங்கி இல்லை, ஆகவே காலைத் தூக்காமலே ஏறலாம். மாமா காட்டிய வண்டியின் சில்லு 17 அங்குலம். செயின் முழுவதும் தகரப் பெட்டிக்குள் மூடியிருக்கும். துணி சிக்காது, மணலும் உப்பும் உள்ளே போகாது. கியர் உண்டு, ஆனால் கையால் பிடிக்கும் கிளச் இல்லை. காலால் மிதித்தால் போதும். முன்னால் உள்ள அகன்ற தகடு சேறு காலில் அடிக்காமல் காக்கும். நிறை 100 கிலோவுக்குக் குறைவு. மாமா வேண்டுமென்றே அதை நிலத்தில் படுக்க வைத்து, “தூக்குங்க பாப்பம்” என்றார். முதுகைக் கொடுத்துத் தூக்கினேன். அப்போதுதான் விலை கேட்டேன்.

குறைகளையும் சொல்லி விடுகிறேன். வேகம் கிடையாது, மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் நான் ஓடுவதில்லை. பிரேக் பழைய காலத்துப் பிரேக். முன்கூட்டியே பிடிக்க வேண்டும். அடிப்பகுதி உயரம் குறைவு. பெரிய கல்லில் ஏற்றக் கூடாது. எங்கள் கரையோரப் பாதை தட்டையானது, மலை இல்லை. பதுளைப் பக்கம் வியாபாரம் செய்பவளாக இருந்தால் நான் இதை வாங்கியிருக்க மாட்டேன்.

அனுமதிப்பத்திரத்துக்கும் இது உதவியது. 100 சிசி வரை ஏ1, அதற்கு மேல் ஏ என்று வகை பிரிக்கப்பட்டுள்ளது. மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, ஓட்டுப் பரீட்சை எல்லாவற்றையும் முறையாக முடித்த பிறகே வீதிக்கு இறங்கினேன். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். பயப்பட ஒன்றுமில்லை.

முதல் நீண்ட பயணம் நன்றாக நினைவிருக்கிறது. சுபஹ் தொழுது விட்டு, தறிச் சத்தம் தொடங்குமுன் மருதமுனையை விட்டேன். பாண்டிருப்பு, கல்முனைச் சந்தை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது. பிறகு விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு. நிந்தவூரில் தேத்தண்ணீர். களியோடைப் பாலம் தாண்டி ஒலுவில், தென்கிழக்குப் பல்கலைக்கழகம், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. ஒரு ஊரில் பாங்கு சொல்லும் சத்தம் ஓய்ந்தால் அடுத்த ஊரில் கோயில் மணி கேட்கும். பஸ்ஸில் நூறு தடவை போன பாதைதான். ஆனால் பஸ்ஸில் இருந்தவள் நான் ஒரு பொட்டலம் மாதிரித்தான் இருந்தேன். அன்றைக்குத்தான் இந்தப் பாதை என்னுடையதும் என்று தோன்றியது.

தம்பிலுவில், திருக்கோவில் தாண்டினால் வீடுகள் குறையும். கோமாரிக்கு முன்னால் பின் சில்லில் காற்றுப் போய் விட்டது. ஒரு மணி நேரம் தள்ளிக் கொண்டு போனேன். வேலியோரம் நின்ற ஒரு தமிழ் அக்கா கூப்பிட்டுத் தண்ணீர் தந்தார். அவருடைய மகன் சில்லைக் கழற்றி சைக்கிளில் கொண்டு போய் ஒட்டுப் போட்டு வந்தான். 1990க்குப் பின் ஒருவர் ஊருக்குள் மற்றவர் போகப் பயந்த காலத்தை நாங்கள் இருவருமே கண்டவர்கள். அவரும் கணவரை இழந்தவர். இருவரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. “எப்ப வந்தாலும் இஞ்ச இறங்கிட்டுப் போங்க தங்கச்சி” என்றார். இன்று வரை அவர் வீட்டில் இறங்காமல் நான் பொத்துவில் போனதில்லை. அன்றிலிருந்து மேலதிக ரியூப், ஒட்டுச் சாமான், கைப்பம்பு மூன்றும் இருக்கையின் கீழே இருக்கின்றன. ஒட்டுப் போடவும் பழகிக் கொண்டேன்.

பொத்துவிலைத் தாண்டினால் அறுகம்பைப் பாலம். சுனாமியில் சேதமான பழைய பாலத்துக்குப் பதிலாகக் கட்டப்பட்டு 2008இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து வயலும் காடுமாகப் பாணமை. தமிழும் சிங்களமும் ஒரே வீட்டில் பேசும் ஊர் அது. அதற்கப்பால் உகந்தை முருகன் கோயிலுக்கும் குமண சரணாலயத்துக்கும் போகும் கிரவல் பாதை. அந்தப் பக்கம் யானை உண்டு. ஆகவே எனக்கு ஒரு சட்டம்: அஸருக்கு முன் பாணமையை விட்டு விட வேண்டும். விற்க எவ்வளவு சாமான் மிச்சமிருந்தாலும் சரி.

மணலிலும் கிரவலிலும் ஓடப் பழகியது விழுந்து எழும்பித்தான். நீங்கள் விழாமல் பழகுவதற்காகச் சொல்கிறேன். மணல் வந்தால் அதற்கு முன்பே கியரைக் குறைத்து, ஒரே சீராக ஓட வேண்டும். நடுவில் நின்றால் சில்லு புதையும். உடம்பைச் சற்றுப் பின்னுக்கு வைத்து, ஹேன்டிலை இறுக்காமல் பிடிக்க வேண்டும். கிரவலில் முன் பிரேக்கைத் திடீரென்று பிடிக்கவே கூடாது. பொட்டலத்தை உயரமாக அடுக்காமல், இரு பக்கமும் சமமாக, இருக்கைக்கு அண்மையில் தாழ்வாகக் கட்ட வேண்டும். கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு இரவோடிரவாக இரும்பைத் தின்னும்.

தண்ணீர் விடயத்தில் மட்டும் வீரம் வேண்டாம். கிட்டங்கியில் தண்ணீர் ஏறினால் இறங்கி நின்று பார்ப்பேன். தாம்போதியின் ஓரம் தெரியாவிட்டாலோ, நீர் இழுத்து ஓடினாலோ திரும்பி விடுவேன். 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தையே கவிழ்த்து மத்ரஸா மாணவர்களைக் கொண்டு போனதை நாங்கள் எல்லோரும் அழுது கொண்டு பார்த்தோம். உழவு இயந்திரத்தையே கவிழ்த்த நீருக்கு என் வண்டி எம்மாத்திரம்? ஆழமில்லாத, ஓட்டமில்லாத நீரென்றால் மட்டும் முதல் கியரில் மெதுவாகக் கடக்கலாம். கடந்த பின் பிரேக்கை இலேசாகப் பிடித்துப் பிடித்து ஓடினால் உள்ளே நனைந்தது காயும்.

என் சின்ன வண்டியின் அருமை 2022இல்தான் ஊருக்கே தெரிந்தது. அந்த ஆண்டு ஜூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. பிறகு கியூ.ஆர். முறை வந்த போது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர். என் வண்டி ஒரு லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும். கணக்குப் பாருங்கள்: வாரம் ஒரு முறை பாணமை போய் வர அது போதும். பெரிய வண்டி வைத்திருந்தவர்கள் வீட்டில் நிறுத்தி வைத்திருந்த போது நான் தொழிலை விடவில்லை. மகளின் படிப்பும் நிற்கவில்லை.

காக்காவின் மகன் அடிக்கடி கைப்பேசியில் படம் காட்டுவான். “மாமி, ஹிமாலயன் பாருங்க, இதுதான் தூரத்துக்கும் காட்டுக்கும் சரி” என்பான். 2016இல் வந்த அந்த என்பீல்ட் வண்டி 411 சிசி, நிறை 180 கிலோவுக்கு மேல். அவனுடைய தோளுக்கு அது சரி. நான் அவனுக்கு ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் கதையைச் சொல்வேன். ஆன் பிரான்ஸ் டோத்வில் என்ற பத்திரிகையாளர் 1973இல் தனியாக உலகைச் சுற்றி வரப் புறப்பட்ட போது எடுத்துச் சென்றது 125 சிசி கவசாகி வண்டி. உலகைச் சுற்றவே அது போதுமென்றால் பாணமைக்கு என் வண்டி போதாதா?

தம்பிலுவில் தங்கச்சிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வண்டியின் பெயரைக் கேட்கும் முன் ஐந்து விடயங்களைப் பாருங்கள். நீங்கள் போகும் மிக மோசமான பாதை எது? அந்தப் பாதைக்குச் சில்லு போதுமா? இருக்கையில் இருந்தால் இரு பாதமும் நிலத்தில் பதிகிறதா? கீழே விழுந்தால் தனியாகத் தூக்க முடிகிறதா? உங்கள் பாதையில் உள்ள சின்னக் கராஜில் அதற்கு உதிரிப்பாகம் கிடைக்குமா? இவை ஐந்தும் சரியென்றால் நிறத்தையும் வேகத்தையும் பிறகு பார்க்கலாம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. ஆனாலும் விலை பழைய விலை இல்லை. பழைய வண்டி வாங்குவதானால் எஞ்சின், செசி இலக்கங்கள் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அது நீக்கப்படும் வரை பணம் கொடுக்க வேண்டாம். காலையில் எஞ்சின் குளிராக இருக்கும் போது இயக்கிப் பாருங்கள். லீசிங்கில் எடுப்பவர்கள், மாதத் தவணையை நல்ல மாதத்து வருமானத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். மழை மாதத்து வருமானத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

வண்டி வாங்கி மூன்று மாதம் சென்ற பிறகுதான் கிட்டங்கிப் பக்கம் திரும்பினேன். பாணமை வரை போய் வந்தவளுக்கு அந்தச் சின்னத் தூரம் பெரிதாக இருந்தது. தாம்போதியில் வண்டியை நிறுத்தி, சைக்கிள் கிடந்த இடம் எதுவாக இருக்கும் என்று பார்த்தேன். ஆற்று வாழைகள் பூத்துக் கிடந்தன. துஆ ஓதினேன். பிறகு முதல் கியரைப் போட்டு வாய்க்கால் கட்டு வழியே வயலுக்குப் போனேன். எங்கள் துண்டில் நெல் இடுப்பளவு நின்றது. குத்தகைக்காரர் என்னைக் கண்டதும் தலையைச் சொறிந்தார். அந்தப் போகத்திலிருந்து நெல் அளக்கும் போது நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

தம்பிலுவில் தங்கச்சி இன்னும் முடிவெடுக்கவில்லை. அடுத்த தடவை போகும் போது என் வண்டியை அவருடைய முற்றத்தில் படுக்க வைத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.